பூச்சி கடித்த இலை

நாகமலைத் தோட்டம், மேற்பிரிவு,
பண்டாரவளை.
09.02.2025

அன்புள்ள மருமகள் சுபாஜினிக்கு,

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் முன்னமே சொன்னேன். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்பாய். உன் அத்தை கருப்பம்மாவிடம் சொன்னேன். "கொழும்பில ரோட்டோரம் வாங்குற செடியும், மழையில கட்டுன செவரும் ஒண்ணுதான்" என்று தைப்பொங்கலன்றே சொல்லிவிட்டேன். அவள் இப்போது அடுப்படியிலிருந்து, "எங்கிட்ட அப்புடி ஒண்ணும் சொல்லலியே" என்கிறாள். அவளுக்கு ஞாபக சக்தி குறைவு.

நாலு வருஷத்துக்குப் பிறகு உன் கடிதம். "போன் எடுக்க மாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் பழைய சண்டை வரும். விஷயத்தை மட்டும் எழுதுங்கள்" என்று முதல் வரியிலேயே வேலி போட்டிருக்கிறாய். சரி, விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பார். நீ வேலை செய்யும் வெள்ளவத்தை வீட்டு டொக்டர் அம்மா கமலாதேவியின் மகன் சுபாஸ் படிக்க அவுஸ்திரேலியா போய்விட்டான். போகும்போது அவன் வளர்த்த வெளிநாட்டுப் பல்லியை உன் பொறுப்பில் விட்டுப் போனான். அது இருந்த கண்ணாடிப் பெட்டியில் பிளாஸ்டிக் செடிகள். பாவம் என்று நீ அவற்றைக் கழற்றிப் போட்டு உயிர்ச் செடி வாங்கி வைத்தாய். பத்து நாளாகப் பல்லி வாயைத் திறக்கவில்லை.

பல்லி வளர்க்கிறார்களாம், பல்லி! நம் லயத்து வரிசை வீடுகளில் கூரைக்கு இருபது ஓடும். ஒன்றுக்காவது கண்ணாடி வீடு கட்டிக் கொடுத்தோமா?

இருந்தாலும் நீ கேட்டது சரியான ஆளிடம். துரை பங்களாத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம். பங்களா இப்போது வெள்ளைக்காரர் வந்து தங்கும் இடமாகிவிட்டது உனக்குத் தெரியும். போன வருஷம் ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய ஆராய்ச்சிக்காரர் ஒருவர் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போனார். ஈர நிழலில் வளர்கிற ஏதோ ஒரு பேர்ன் செடிக்கு என் பெயரை வைக்கப்போவதாகக் கேள்வி. எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கு இது போதாதா?

நீ வாங்கிய செடிகள் எப்படி இருந்தன, எழுது. இலையில் ஓட்டை இருந்ததா, இல்லையா? அது மிக முக்கியம். தொட்டியில் என்ன மண்? பெட்டிக்குள் வைக்கும் முன் வேரைக் கழுவினாயா?

பயப்படாதே. பல்லி விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றைக்குக் காலையில் உன் அம்மா வீட்டு அடுப்புச் சுவரில் பல்லி ஏழு தரம் சொன்னதைக் கேட்டு, "ராக்கு, இன்னைக்கு இங்க இருக்காத, மேல வந்துரு" என்று சொன்னவன் நான்தானே. அவள் கேட்டாளா? சிரித்தாள்.

சரி. விஷயத்தை மட்டும் என்றாய். நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
மு. வீரசிங்கம்
(பங்களாத் தோட்டப் பொறுப்பாளர்)

*

வெள்ளவத்தை,
15.02.2025

மாமாவுக்கு,

கேட்டவற்றுக்குப் பதில்.

மூன்று செடிகள் வாங்கினேன். ஒன்று மணிபிளான்ட். ஒன்றின் பெயர் தெரியாது, சிவப்பும் பச்சையுமாக நரம்பு ஓடிய சின்ன இலை. மற்றது பெரிய இலை, நடுவில் வெள்ளை தெளித்த மாதிரி இருக்கும், தண்டு தடிப்பு. இலைகளில் ஒரு ஓட்டை கிடையாது. பளபளவென்று எண்ணெய் பூசியது போல இருந்தன. அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். ஓட்டை விழுந்த கொழுந்தை நிறுக்கிற இடத்தில் கழித்துவிடுவார்கள் என்று அம்மா சொல்லித் தந்ததுதான் எனக்கு இன்னும் கண். நல்ல இலை என்றால் ஓட்டையில்லாத இலை.

வேரைக் கழுவவில்லை. தொட்டி மண்ணோடு அப்படியே வைத்தேன். மண்ணில் வெள்ளைக் குருணை கிடந்தது. உரம் என்று நினைத்தேன். தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தெரியாததா என்று டொக்டர் அம்மாவிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

பல்லியின் பெயர் பப்படம். ராத்திரியில் கண்ணாடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு தட்டையாகக் கிடக்கும், அதனால் சுபாஸ் தம்பி வைத்த பெயர். கண்ணுக்கு மேல் இமை முடி போல முள் வரிசை. வால் இல்லை. ஒருதரம் பயந்து உதிர்த்துவிட்டது. நம் வீட்டுப் பல்லிக்குப் போல இந்தச் சாதிக்குத் திரும்ப முளைக்காதாம். வெயில் ஆகாது, அதனால் தம்பியின் அறையில் இரவும் பகலும் ஏசி ஓடுகிறது. கொழும்பில் நம் ஊர்க் குளிர் இருக்கிற ஒரே இடம் அந்த அறைதான். வேலை முடிந்தால் நான் அங்கே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீடியோவில் வரும்போது முதலில் கேட்பது "பப்படத்தக் காட்டுங்கோ". பிறகுதான் அம்மாவின் முகம். போன ஞாயிறு டொக்டர் அம்மா, "அது நித்திரை, குழப்பாதே" என்று சொல்லிவிட்டார். தம்பிக்குப் படிப்புச் சோதனை நடக்கிறது. போனை வைத்த பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பிள்ளை விட்டுட்டுப் போனது இது ஒண்டுதான், சுபா" என்றார். என்னை ஏசித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை.

இதைக் கொன்றால் நான்தான் கொன்றேன். அதனால்தான் உங்களுக்கு எழுதினேன். வேறு ஒன்றுக்கும் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன் அம்மாவின் நினைவு நாளில், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னீர்கள். அந்த வருஷம் பல்லி ஐந்து தரம் சொன்னது. அதற்கு முந்தின வருஷம் மூன்று தரம். இப்போது ஏழு. இனி அதை எனக்கு எழுத வேண்டாம்.

சுபாஜினி

*

நாகமலை,
19.02.2025

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் கண்டதிலிருந்து வேலைக்குப் போகவில்லை. இதைப் படித்த நிமிஷமே பெட்டிக்குள் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடு. செடி, மண், கல், குச்சி, எல்லாம். அந்த வெள்ளைக் குருணை உரம் இல்லை புள்ள. பூச்சி மருந்து. வேர் வழியாகக் குடித்து இலை முழுக்க ஏறிவிடும். நீ தீனிக்கு விட்ட பூச்சி அந்த இலையை நக்கும். பூச்சியைப் பப்படம் தின்னும். இலையில் நிற்கும் தண்ணீரையும் நக்கும். பெட்டியைச் சவர்க்காரம் போடாமல் வெந்நீரில் மூன்று தரம் கழுவு. அடியில் வெறும் வெள்ளைக் கடதாசியை ஈரமாக்கி விரி. தண்ணீர் மட்டும் வை. பழைய பூச்சிகளைக் கொட்டிவிடு. மிருக வைத்தியரிடம் காட்டச் சொல்லு, வெட்கப்படாதே.

இனிமேல் இதை மனதில் வை. ஓட்டையில்லாத இலையை நம்பாதே. பூச்சி கடித்த இலையைத்தான் நம்ப வேண்டும். அதைத் தின்ற பூச்சி உயிரோடு போயிருக்கிறது என்பதற்கு அந்த ஓட்டைதான் சாட்சி. உன் அம்மா சொன்னது தேயிலைக்குச் சரி. பல்லிக்கு அது தலைகீழ்.

வெள்ளை தெளித்த பெரிய இலைச் செடி ஆகவே ஆகாது. தண்டைக் கீறிப் பார், சாறு வடியும். வாயில் பட்டால் நாக்குத் தடித்துப்போகும். ஒருதரம் பங்களாவில் ஒரு துரைசானியின் நாய் அதைக் கடித்து மூன்று நாள் குரைக்கவில்லை. நான்தான் மோர் கொடுத்துக் காப்பாற்றினேன். (அத்தை சொல்கிறாள், நாய் செத்துப்போச்சாம். வேறு நாயைச் சொல்கிறாள்.) பால் வடிகிற எதுவும் வேண்டாம். அரளி, தலைகீழாக மணி போலத் தொங்குகிற ஊமத்தை, கிறிஸ்மஸ் காலத்தில் சிவக்கிற செடி, ஒன்றும் வேண்டாம். முள் வேண்டவே வேண்டாம், அதன் தோல் பேருக்கேற்ற பப்படம்தான்.

அது ஏறி உட்கார வாள் போல நிமிர்ந்து நிற்கிற மருள் செடி ஒன்று. இலை அதன் பாரத்தைத் தாங்கும். ஒளிந்துகொள்ள அடர்த்தியாகச் சின்ன பேர்ன் செடி. ஈரம் பிடித்து வைக்கத் தரை முழுக்கப் பாசி. அவ்வளவுதான். பயந்த பிராணிக்கு அழகு முக்கியமில்லை, மறைவு முக்கியம்.

இதெல்லாம் எங்கே எடுப்பது என்று மூன்று நாள் அலைந்தேன் என்று எழுத ஆசை. ஒரு நாள்தான் அலைந்தேன். பங்களா ரோசாவுக்குப் புதன்கிழமைதோறும் மருந்து அடிக்கிறவன் நான்தான், ஆகவே அது கழிந்தது. தேயிலை மலை முழுக்க மருந்து. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டங்களைக் கேட்கவே வேண்டாம், அங்கே மண்ணுக்கே மணம் மாறிவிட்டது. கடைசியில் பத்து வருஷமாக ஒரு சொட்டு மருந்து விழாத இடம் ஒன்று ஞாபகம் வந்தது. ஒவ்வொரு இலையிலும் ஓட்டை. பார்க்கவே சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை மரக்கறி லொறியில் இப்றாஹீம் நானா கொண்டுவந்து தருவார். ஈரச் சாக்கில் சுற்றியிருக்கிறேன். அதே மண் கொஞ்சமும் இருக்கிறது. நல்ல மண்.

அன்புடன்,
மாமா

*

வெள்ளவத்தை,
28.02.2025

மாமா,

நம் தோட்டத்தில் பத்து வருஷமாக மருந்து விழாத இடம் ஒன்றுதான் இருக்கிறது. கீழ்ப் பிரிவு.

மீரியபெத்தைத் தோட்டம் மலை சரிந்து மண்ணுக்குள் போன அடுத்த வருஷம் நம் இரண்டு லயத்தையும் மூடிய மண். பதினொரு பேர். எட்டுப் பேரை எடுத்தார்கள். அம்மாவை எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நான் பண்டாரவளையில் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், பதின்மூன்று வயது. உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் எந்த இடத்தில் மண்வெட்டியைப் போட்டீர்கள் என்று உங்களுக்கே ஞாபகப்படுத்துகிறேன்.

இப்றாஹீம் நானாவிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு, "மகள், ஒங்கட மாமா அந்த மேட்டுக்கு ஏறக்குள்ள செருப்பக் கழட்டி வெச்சிட்டுத்தான் போனாரு. நான் லொறியில இருந்து பாத்தன்" என்றார். 

மூட்டையைப் பல்கனியில் வைத்து இரண்டு நாள் அவிழ்க்கவில்லை. மூன்றாம் நாள் சாக்கின் ஈரம் காய்ந்துபோகிறதே என்று அவிழ்த்தேன். மணம் வந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பேர்ன் வேர்களை இந்தத் தரம் கழுவினேன். கழுவிய தண்ணீரைக் கை கழுவும் தொட்டியில் ஊற்ற முடியவில்லை. எப்படி ஊற்றுவது? சாக்கடைக்குப் போகுமே. ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் தெளியவிட்டு, அடியில் தங்கிய மண்ணையும் நீங்கள் அனுப்பிய மீதி மண்ணையும் சேர்த்து வைத்திருக்கிறேன். டொக்டர் அம்மா, "இது என்னத்துக்கு?" என்று கேட்டார். "செடிக்கு" என்றேன்.

மிருக வைத்தியர் ஊசி போட்டார். நம்பிக்கை சொல்லவில்லை. ஆனால் செடிகளை வைத்த அன்று மாலை பப்படம் கடதாசியிலிருந்து எழுந்து பாசியில் நடந்தது. மருளில் பாதி ஏறிச் சறுக்கி விழுந்தது. பிறகு பேர்னுக்குள் போய் ஒளிந்துகொண்டது. நேற்று என் விரலிலிருந்து வாழைப்பழக் கூழ் நாலு நக்கு நக்கியது. அழுதேன். ஏன் என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பத்து வருஷமாகக் கேட்காமல் வைத்திருக்கிறேன். மண் வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஏன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவில்லை? தெரிந்த ஆள் சொல்லிவிட்டுத் தனியாக மேலே ஏறி வந்துவிடுவாரா? உங்களுக்குத் தெரியும் என்று நீங்கள் பெருமையடிக்கிற ஒவ்வொரு தரமும் எனக்குக் கேட்பது இதுதான்: அவர் விட்டுவிட்டு வந்தார்.

அம்மா சிரித்தார் என்று சொல்வீர்களே, அந்த ஒன்றுக்காகத்தான் உங்களை முழுதாக வெட்டிவிடவில்லை. கடைசியாக அம்மாவைப் பார்த்தவர் நீங்கள்.

சுபாஜினி

*

நாகமலை,
06.03.2025

அன்புள்ள மருமகளுக்கு,

செருப்பைக் கழற்றியது மெய்தான். அந்த மேட்டில் நான் எப்போதும் கழற்றிவிட்டுத்தான் ஏறுவேன். அட்டை கடிக்கும், கடிக்கட்டும்.

நீ அந்த இடத்தை இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. கவ்வாத்து வெட்டாமல் தேயிலை மரமாக வளர்ந்து பூத்துக் காய்த்து நிற்கிறது. கீழே முழுக்கப் பேர்ன், இடுப்பளவு. குருவிகள் அங்கேதான் கூடு கட்டுகின்றன, மற்ற இடத்தில் அவற்றுக்குத் தின்னப் பூச்சி இல்லை. ஆள் இருக்கும்வரை மருந்தடித்தோம், ஆள் போனபிறகுதான் அந்த மண் சுத்தமானது என்று சிலநேரம் நினைப்பேன். இதை வெளியே சொல்ல மாட்டேன். வெளியே நான் வேறு மாதிரி ஆள்.

உன்னிடம் கேட்காமல் எடுத்தது பிழை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். பப்படம் செத்திருக்கும்.

பப்படம் நக்கியது என்று எழுதியதைப் படித்து அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "நான் சொல்லலியா, வீரசிங்கம் கைபட்ட செடி பொணத்தையும் எழுப்பும்" என்றேன். அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள், எனக்கில்லை, சாமிக்கு. எழுதி வைத்துக்கொள்: அது பிழைக்கும். வெள்ளைக்கார வைத்தியம் என்ன சொன்னாலும் சித்திரை வருஷத்துக்கு அதற்கு வால்கூட முளைக்கும். நான் சொன்னால் நடக்கும்.

நீ கேட்ட கேள்விக்கு நேரில் பதில் சொல்கிறேன். வருஷத்துக்கு வா. அத்தை பலகாரம் சுடுவாள். ஜெர்மனியிலிருந்து வந்த அந்த இரண்டு ஆராய்ச்சிக்காரர்களும் கொடுத்துவிட்டுப் போன பெரிய டோர்ச் லைட் ஒன்று இருக்கிறது, அதைப் பப்படத்தின் பெட்டிக்குத் தரலாம்.

வருவாய்தானே?

மாமா

*

வெள்ளவத்தை,
24.03.2025

மாமா,

பப்படம் செத்துப்போய்விட்டது. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி இருக்கும்.

உங்கள் செடியால் இல்லை. வைத்தியர் சொன்னார், மருந்து முன்னமே ஈரலில் இறங்கிவிட்டது, கடைசி மூன்று கிழமையும் செடிகள் தந்த கொசுறு என்று. அந்த மூன்று கிழமையில் மருளின் உச்சிக்கு இரண்டு தரம் ஏறியது. ஒருதரம் கண்ணாடியில் வயிற்றை ஒட்டிப் பப்படமாகவும் கிடந்தது. நான் கையை மறுபக்கம் வைத்துப் பார்த்தேன், என் உள்ளங்கையளவுதான்.

சனிக்கிழமை நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தேன். அது பேர்னுக்கு அடியில், என் முகத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது, அதற்கு இமை மூடாது. நான் ஏழெட்டுச் சட்டை மடித்தேன். ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தேன். தண்ணீர் தெளிக்க எழுந்தபோதுதான் தெரிந்தது. எப்போது போனது? எந்தச் சட்டைக்கும் எந்தச் சட்டைக்கும் நடுவில்? ஒரு சத்தம் போடவில்லை மாமா. ஒரு அசைவு இல்லை. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

டொக்டர் அம்மா பெட்டியின் மூடியைச் சாத்தினார். "சோதினை முடியட்டும் பிள்ளை, பிறகு சொல்லுவம்" என்றார். ஞாயிறு தம்பி வீடியோவில் வந்தான். டொக்டர் அம்மா போனை என்னிடம் நீட்டினார். நான் போனை வாங்கி, "நல்லா இருக்குதுங்க தம்பி, இப்பதான் சாப்பிட்டுட்டு பேர்னுக்குள்ள தூங்குது" என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு, இன்னும் கொஞ்சம் சொன்னேன். மருளில் ஏறியதை, இறங்கியதை. கேட்காததையும் சொன்னேன். எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே பயமாக இருந்தது.

அதை அந்த ஐஸ்கிரீம் டப்பாவில் புதைத்தேன். அந்த மண்ணில். மேலே பேர்னை நட்டுப் பல்கனியில் வைத்திருக்கிறேன். நமக்குத்தான் அம்மாவைப் புதைக்கக் கிடைக்கவில்லை. அந்த மண்ணில் என் கையால் ஒன்றை வைத்து மூடியிருக்கிறேன். பிழை என்றால் சொல்லுங்கள்.

இப்போது நான் கேட்பது சண்டைக்கு இல்லை. உண்மையாகவே தெரிய வேண்டும். பல்லி அன்றைக்கு எத்தனை தரம் சொன்னது? கிழக்குச் சுவரா, மேற்குச் சுவரா? அப்போது நெஞ்சில் ஏதாவது செய்ததா? உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லையே. கவனமான ஆளுக்கு முன்கூட்டியே தெரியும் என்றால், நான் கவனிக்கவில்லை என்றுதானே அர்த்தம். அன்றைக்குக் காலையிலும் அப்படித்தானே. "டாட்டா"கூடச் சொல்லாமல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினேன். அந்தச் சுவரில் பல்லி இருந்ததா என்றுகூட நான் பார்க்கவில்லை.

பதில் எழுதுங்கள்.

சுபாஜினி

*

நாகமலை,
01.04.2025

சுபா,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்தேன். நாலு என்பது மெய். அத்தை சாட்சி.

பப்படத்தை அந்த மண்ணில் வைத்தது பிழையில்லை. உன் அம்மா சும்மா இருக்கிற ஆள் இல்லை. பார்த்துக்கொள்ள ஒன்று கிடைத்தது அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சின்னதிலிருந்து தொடங்குகிறேன். நான் எட்டாம் வகுப்புப் படிக்கவில்லை. ஐந்து. அதிலும் கடைசி வருஷம் பாதி. ஜெர்மன்காரர் ஆராய்ச்சி செய்ய வந்தவர் இல்லை. என்னிடம் கழிவறை எங்கே என்று கேட்டார், கையைக் காட்டினேன், நன்றி சொன்னார். டோர்ச் லைட் பதுளையில் வாங்கியது. அந்த நாய் செத்துத்தான் போனது. பப்படம் பிழைக்கும் என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்கு நல்லதாக ஒன்று எழுத வேண்டும் என்று இருந்தது, எழுதினேன்.

பெரியது வருகிறது.

மண் சரிந்ததற்கு முந்தின நாள் பின்னேரம் நான் கீழ்ப் பிரிவுக்கு வந்தேன். இது மெய். மழைக்கு உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தவன், உங்கள் வாசல்படியில் வழுக்கி உட்கார்ந்தேன். சாக்கு முகத்தை மூடிவிட்டது. உன் அம்மா மா பிசைந்த கையோடு வெளியே வந்து பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கண்ணன் மூட்டையா வந்து எறங்கிருக்கு, யாராச்சும் நிறுத்துப் பாருங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நீ உள்ளே படித்துக்கொண்டிருந்தாய், "என்னம்மா?" என்று கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் அதைப் பிடித்துக்கொள். அது நான் கட்டியது இல்லை.

பிறகு, கூரைத் தகரம் ஒன்று கழன்றிருக்கிறது, அண்ணே, காலையில் வந்து அடித்துக் கொடு என்றாள். வருகிறேன் என்றேன். காலையில் மழை விடவில்லை. வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானம் போகலாம் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். சத்தம் கேட்டபோது இடி என்று நினைத்தேன். திரும்பிப் படுத்தேன், சுபா. ஒருக்களித்துத் திரும்பிப் படுத்தேன்.

நீ எந்தச் சட்டைக்கும் எந்தச் சட்டைக்கும் நடுவில் என்று கேட்டிருந்தாய். நான் எந்தப் பக்கம் திரும்பியபோது என்று பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில், எல்லோரையும் தங்கவைத்திருந்த மண்டபத்தில், நீ சாப்பிடாமல் பேசாமல் உட்கார்ந்திருந்தாய். நான் பக்கத்தில் வந்ததும் முதன்முதலாக வாயைத் திறந்து, "அம்மா கடைசியா என்ன மாமா பண்ணிக்கிட்டிருந்தாங்க?" என்று கேட்டாய். என்னிடம் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. "சிரிச்சிக்கிட்டிருந்துச்சும்மா" என்றேன். "ஏன் சிரிச்சாங்க?" என்றாய். சிரிக்க ஒரு காரணம் வேண்டுமே. மண்டபத்துச் சுவரில் ஒரு பல்லி போனது. அதைப் பிடித்துக் கதைக்குள் போட்டேன். அன்றைக்கு நீ இரண்டு வாய் சோறு தின்றாய்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மற்றவர்கள் கேட்டார்கள். "ஒனக்கு முன்னமே தெரியுமாமே, வீரசிங்கம்?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். தெரிந்தும் காப்பாற்ற முடியாத ஆளாக இருப்பது, தெரியாமல் போர்வைக்குள் கிடந்த ஆளாக இருப்பதைவிட நன்றாக இருந்தது. பல்லி சொன்ன கணக்கை இரண்டிரண்டு தரமாகக் கூட்டிக்கொண்டே வந்தேன். அந்தக் கதையில் நான் உன் அம்மாவை விட்டுவிட்டு வந்தவன் ஆகிறேன் என்பது நீ எழுதும்வரை என் மண்டைக்கு ஏறவில்லை.

தம்பியிடம் நீ சொன்னதற்காக உன்னைக் கரித்துக்கொள்ளாதே. ஆனால் சோதனை முடிந்த அன்றே சொல்லிவிடு. கூட்டிக்கொண்டே போகாதே. பிறகு இறக்குவது எவ்வளவு பாரம் என்று உன் மாமனைப் பார்.

நீ கவனிக்காமல் விடவில்லை. கவனிக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பப்படத்துக்கும் இல்லை, உன் அம்மாவுக்கும் இல்லை. யாருக்கும் முன்கூட்டி ஒன்றும் வந்து சொல்வதில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடுகிற பிள்ளைக்குச் சொல்வதில்லை, சட்டை மடிக்கிறவளுக்குச் சொல்வதில்லை, எனக்கும் சொல்லவில்லை.

வருஷத்துக்கு வருவதும் வராததும் உன் விருப்பம். வந்தால் டப்பாவையும் கொண்டுவா, மேட்டில் நடலாம். வராவிட்டால் தண்ணீர் மட்டும் காலையில் தெளி, வெயில் படவிடாதே.

நீ கேட்டது எத்தனை தரம், எந்தச் சுவர் என்று. கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. பல்லி சொல்லவே இல்லை, சுபா. அன்றைக்குக் காலையில் நான் கீழே இறங்கவே இல்லை.

மாமா